மூச்சு வாங்கும் சாலைகள்: மணாலியிலிருந்து லே வரை ஐந்து வண்டிகள்

நம் நாட்டில் கார் ஏறிச் செல்லும் மிக உயரமான இடங்களில் ஒன்று கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரம். ஏறத்தாழ 2,000 மீட்டர். சபாவில் கினாபாலு மலையேறிகள் நடையைத் தொடங்கும் திம்போஹோன் நுழைவாயில்கூட அந்த உயரத்தைத் தொடாது. சிங்கப்பூர் உறவினர்களைக் கேலி செய்ய வேண்டுமானால் புக்கிட் தீமாவின் 163 மீட்டரே போதும்.

இமயமலையைக் கடந்து லடாக்கின் லே நகருக்குப் போகும் மணாலி சாலையில் இந்தக் கணக்கெல்லாம் அடிபட்டுப் போகும். 4,095 மீட்டர் கினாபாலுவின் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு உடனே இறங்கிவிடுகிறோம் அல்லவா? இந்தச் சாலையில் பலர் இரவு தங்கும் சர்ச்சு சமவெளி அதைவிட உயரம். ஏறத்தாழ 4,290 மீட்டர். போர்வை போர்த்திக்கொண்டு அங்கே தூங்க வேண்டும். அதற்கு மேலும் சாலை ஏறிக்கொண்டே போகிறது.

கடந்த சில ஆண்டுகளாக நம்மவர்கள் குழுக் குழுவாக இந்தப் பாதைக்குக் கிளம்புகிறார்கள். முன்பு மோட்டார் சைக்கிள்காரர்கள்தான் அதிகம். இப்போது குடும்பத்தோடு, நான்கு சக்கர இயக்க வண்டிகளில், தாங்களே ஓட்டிச் செல்லவும் பலர் விரும்புகிறார்கள். செப்டம்பர் மாதத்தில் அப்படிப் போன ஒரு குழுவில் நானும் இருந்தேன். 13 பேர், 5 வண்டிகள். கிள்ளான், ஈப்போ, ஜொகூர் பாருவிலிருந்து வந்தவர்களோடு சிங்கப்பூர்த் தம்பதி ஒருவரும் உண்டு. இளையவருக்கு 26 வயது, மூத்தவருக்கு 61.

சேறு வேறு, கல் வேறு

எங்களில் ஏழெட்டுப் பேர் உள்ளூரில் காட்டுப் பாதைகளில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள். மலேசியக் காட்டுப் பயணம் என்றாலே சேறுதான். 1997-இல் தொடங்கிய ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மழைக்காலத்தைத் தேடிப் போய், இடுப்பளவுச் சேற்றில் வண்டியை இறக்கி, மரத்தில் வின்ச் கம்பி கட்டி இழுப்பார்கள். அங்கே எதிரி ஈரம். வண்டி நின்றுவிட்டால் கொசுக்கடிதான் மிஞ்சும்.

இமயமலையில் எதிரியே வேறு. மரம் கிடையாது, வின்ச் கம்பியை எதில் கட்டுவது? சேறு குறைவு. கல், சரளை, தூசி, திடீரென்று சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும் பனிநீர் ஓடை, ஒரு பக்கம் தடுப்பே இல்லாத பள்ளம். எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றே அங்கே பாதிதான். 5,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. டர்போ இல்லாத பெட்ரோல் இயந்திரம் அங்கே தன் பலத்தில் ஐந்தில் இரு பங்கை இழந்து முனகும். டர்போ டீசல் வண்டி பரவாயில்லை. ஆனால் அதுவும் கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்தபின் மறுபடி இழுக்கச் சற்று யோசிக்கும். நம் நுரையீரலுக்கு டர்போ கிடையாது.

நம் வண்டிகளை அங்கே கொண்டுபோக முடியாது என்பதால் மணாலியில் உள்ளூர் ஏற்பாட்டாளர் மூலம் டீசல் நான்கு சக்கர இயக்க வண்டிகளை எடுத்தோம். இந்தியாவிலும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான் என்பதால் கைக்குப் பழக வேண்டியது அதிகமில்லை. அனைத்துலக வாகனமோட்டும் அனுமதியை இங்கேயே சாலைப் போக்குவரத்து இலாகாவில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: இங்குள்ள சிலர் காட்டுப் பயணத்துக்குத் துணைக்கோள் தொலைபேசி வைத்திருப்பார்கள். அதை இந்தியாவுக்குள் அனுமதியின்றிக் கொண்டுபோவது குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்துக் கைது செய்த சம்பவங்கள் உண்டு. வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

சுரங்கம் தரும் அவசரம்

மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பைன் மரம், ஆப்பிள் தோட்டம், தேனிலவுத் தம்பதிகள் என்று குளிர்ச்சியான ஊர். முன்பெல்லாம் இங்கிருந்து லே போகிறவர்கள் 3,978 மீட்டர் ரோத்தாங் கணவாயைத் தாண்டியே தீர வேண்டும். சேறும் லாரி நெரிசலுமாக அந்த ஒரு கணவாயே அரை நாளை விழுங்கிவிடும். 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. பயணத் தூரத்தில் 46 கிலோமீட்டர் மிச்சம். இந்தப் பக்கம் பச்சையில் நுழைந்து கால் மணி நேரத்துக்குள் அந்தப் பக்கம் லாஹோல் பள்ளத்தாக்கின் பழுப்பு மலைகளுக்கு நடுவே வெளியே வருகிறோம். மழை மேகங்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. வானம் நீலச் சாயம் கொட்டியது போல இருக்கிறது.

வசதிதான். ஆனால் உடம்புக்கு அது வசதியா என்பது வேறு கேள்வி. முன்பு சாலை மோசமாக இருந்ததாலேயே மனிதர்கள் மெதுவாக உயரம் ஏறினார்கள். இப்போது காலையில் மணாலியில் பராத்தா சாப்பிட்டவர் மாலையில் சர்ச்சுவில் கூடாரத்தில் இருக்கலாம். ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏற்றம்!

நாங்கள் அப்படிச் செய்யவில்லை. மணாலியில் இரண்டு இரவு, பிறகு பாகா நதிக்கரையில் 3,200 மீட்டரில் இருக்கும் ஜிஸ்பா கிராமத்தில் ஓர் இரவு. வழியில் டாண்டியில் எரிபொருள் நிலையம். அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் அந்தப் புகழ்பெற்ற பலகை அங்கேதான் இருக்கிறது. அதன் முன்னால் படம் எடுக்காத பயணியே இல்லை. டாங்கியை நிரப்பியது போக, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கேன் டீசல் கூடுதலாகக் கட்டிக்கொண்டோம். ஏற்றத்தில் லோ கியரில் போகும்போது வண்டி எவ்வளவு குடிக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஐந்து வண்டிகள் ஒன்றாகப் போவதற்கும் சில சட்டங்கள் உண்டு. முதல் வண்டியில் பாதை தெரிந்தவர். கடைசி வண்டியில் மெக்கானிக், இழுவைக் கயிறு, காற்றடிக்கும் கருவி. நடுவில் இருப்பவர்கள் முன்னால் போகிறவரைத் துரத்தக் கூடாது. தன் கண்ணாடியில் பின்னால் வருகிறவர் தெரிகிறாரா என்றுதான் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் நிற்க வேண்டும். அவர் நின்றால் அவருக்கு முன்னால் போகிறவரும் நிற்பார். இப்படியே தகவல் முதல் வண்டிவரை தானாகப் போய்ச் சேரும். வாக்கி டாக்கிகூடத் தேவையில்லை. மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி, இறங்குகிறவர்தான் ஒதுங்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரக் கூடாது. இரண்டாம் கியரில் போட்டு இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும். தேய்ந்த ரப்பர் வாசனை வந்தால் ஓரம் கட்டி ஆறவிட வேண்டும்.

ஓடைகளை இந்தியில் நாலா என்கிறார்கள். எல்லாம் பனியாறு உருகி வரும் நீர். காலையில் கணுக்கால் அளவு ஓடுவது, வெயில் ஏறிய பிற்பகலில் பம்பர் உயரத்துக்கு வந்துவிடும். அதனால்தான் லாரி ஓட்டுநர்கள் விடியுமுன் கிளம்புகிறார்கள். கடக்கும்போது முன்னே போன லாரியின் தடத்தைப் பார்த்து, லோ கியரில் ஒரே சீரான வேகத்தில் போக வேண்டும். நடுவில் கியர் மாற்றவோ நிற்கவோ கூடாது. உருண்டைக் கற்கள் தண்ணீருக்கடியில் நகரும் சத்தம் வண்டியின் தரை வழியாகக் காலுக்குத் தெரியும்.

நொறுக்குத்தீனி பற்றியும் ஒரு வார்த்தை. உயரம் ஏற ஏற, கொண்டுபோன உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்கள் பலூன்போல் உப்பத் தொடங்கின. முதல் பொட்டலம் ‘டப்’பென்று வெடித்தபோது டயர்தான் போய்விட்டது என்று மூன்று வண்டிகள் நின்றன.

சர்ச்சுவில் ஓர் இரவு

நான்காம் நாள் 4,890 மீட்டர் பாரலாச்சா கணவாயைத் தாண்டினோம். உச்சிக்குச் சற்றுக் கீழே சூரஜ் தால் ஏரி, பச்சைக் கண்ணாடி போல. எல்லாரும் உற்சாகமாக இருந்தோம். மாலை சர்ச்சு கூடாரங்களை அடைந்தபோது எல்லாருக்கும் லேசான தலைவலி. அது இயல்புதான் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது.

குழுவில் மிகவும் திடமானவர் அந்த 26 வயது இளைஞர்தான். மாரத்தான் ஓடுகிறவர். பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு மூச்சு வாங்காமல் ஏறக்கூடியவர். அவருடைய மாமாவும் அதே குழுவில் இருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது இளைஞர் எதையும் தொடவில்லை. பதினொரு மணிக்கு வாந்தி. “தூங்கினா சரியாயிடும், அங்கள்” என்று எல்லாரையும் அனுப்பிவிட்டார்.

எங்களோடு ஈப்போ மருத்துவமனையில் வேலை செய்யும் தாதி ஒருவர் வந்திருந்தார். கிளம்புவதற்கு முன்பே மருத்துவர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டு, மருந்துப் பெட்டியை அவர்தான் தயார் செய்திருந்தார். அவருக்கு மனம் கேட்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு மறுபடி போய் எழுப்பினார். எழுந்தவரிடம், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து, கோடு போட்டது போல நேராக நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அவர் கூடாரக் கம்பத்தில் சாய்ந்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

மலை நோயில் மூன்று படிகள் உண்டு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை முதல் படி. ஓய்வெடுத்தால், மேலும் ஏறாமல் இருந்தால் பெரும்பாலும் சரியாகும். நுரையீரலில் நீர் கோப்பது ஒன்று, மூளை வீங்குவது இன்னொன்று. இவை இரண்டும் சில மணி நேரத்தில் உயிரை வாங்கக்கூடியவை. தடுமாறும் நடையும் குழப்பமும் மூளை வீக்கத்தின் அடையாளங்கள். அதற்கு நம்பகமான வைத்தியம் ஒன்றுதான்: உடனே கீழே இறங்குவது. ஆக்சிஜனும் டெக்ஸாமெத்தசோன் மருந்தும் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. நோயாளியின் வயதோ உடற்பயிற்சியோ இதில் கணக்கில்லை. சொல்லப்போனால் திடகாத்திரமானவர்கள்தான் தலைவலியைப் பொருட்படுத்தாமல் ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

சர்ச்சுவின் பொல்லாப்பு என்னவென்றால், அங்கிருந்து எந்தப் பக்கம் இறங்குவதற்கும் முதலில் ஏற வேண்டும். இரண்டு கணவாய்களுக்கு நடுவில் கிடக்கும் தட்டு அது. அந்த இரவில் கூடார வாசலில் நடந்த வாக்குவாதம் இன்னும் என் காதில் இருக்கிறது. மாமாவுக்கு லே போய்விட வேண்டும். “அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, விமானம் இருக்கு. திரும்பிப் போனா என்ன இருக்கு?” அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் லே 250 கிலோமீட்டர் தொலைவில். வழியில் நக்கீ லா, லாச்சுலுங் லா, தங்லாங் லா என்று மூன்று கணவாய்கள். அவற்றில் இரண்டு 5,000 மீட்டருக்கு மேல். பின்னால் போனால் பாரலாச்சா ஒன்றைத்தான் தாண்ட வேண்டும். 110 கிலோமீட்டர் சுமாரில் கீலாங் நகரம், 3,100 மீட்டருக்கும் கீழே, அங்கே மாவட்ட மருத்துவமனை.

குழுத் தலைவர், கிள்ளானில் பட்டறை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, அவன் ஒரு மலைதான் தாங்குவான்” என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

ஒரு வண்டியைத் தனியாக அனுப்பக் கூடாது என்பது குழுவின் சட்டம். இரண்டாவது வண்டியை நான் ஓட்டினேன். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். தாதி பின்னிருக்கையில் இளைஞரின் தலையை உயர்த்திப் பிடித்து, ஆக்சிஜன் முகமூடியைச் சரிசெய்துகொண்டே வந்தார். மருந்து ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் ஓடைகளில் தண்ணீர் குறைவு. ஆனால் ஓரங்களில் மெல்லிய பனிக்கட்டி. முன் வண்டியின் பின்விளக்குகள்தான் எனக்குச் சாலை. பரத்பூரில் வண்டி லேசாக வழுக்கியது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டேன், தானாக நேரானது. கணவாய் உச்சியில் கொடிகள் படபடத்தது தெரிந்தது. அங்கே யாரும் நிற்கவில்லை.

சிங்சிங்பாரைத் தாண்டி இறங்க இறங்க வெளிச்சம் வந்தது. 3,360 மீட்டர் தார்ச்சாவில் சோதனைச் சாவடிக்காக வண்டிகள் நின்றபோது, பின்னாலிருந்து வாக்கி டாக்கியில் தாதியின் குரல்: “தே கேக்குறான்.” மாமா முன் வண்டியிலிருந்து இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

கீலாங்கில் மருத்துவர் இளைஞரை இரண்டு நாள் படுக்க வைத்தார். நடை நேரானது, ஆனால் இந்தப் பயணத்தில் மறுபடி மேலே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாமாவும் மருமகனும் மணாலிக்கு இறங்கினார்கள்.

இதில் நான் குறை சொல்வது பயணத் திட்டத்தைத்தான். பல ஏற்பாட்டாளர்களின் அட்டவணையில் ‘இரவு: சர்ச்சு’ என்று சர்வ சாதாரணமாக அச்சாகியிருக்கும். மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு. ஜிஸ்பாவிலிருந்து சர்ச்சு ஒரே நாளில் 1,100 மீட்டர். ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கிவிட்டு, விடியுமுன் கிளம்பி, சர்ச்சுவில் தங்காமல் ஒரே நீண்ட பகலில் 3,500 மீட்டர் லேவுக்கு இறங்கிவிடுவது இடுப்பு ஒடியும் வேலைதான். ஆனாலும் தூங்குவது தாழ்ந்த இடத்தில் அமையும். ஏற்பாட்டாளரிடம் இதை வற்புறுத்திக் கேளுங்கள்.

21 வளைவுகளும் ஒரு பேயும்

மற்ற மூன்று வண்டிகள் அன்று காலையே லேவுக்குப் போய்விட்டன. நாங்கள் ஒரு நாள் கழித்து அதே பாதையில் மறுபடி ஏறினோம். சர்ச்சுவுக்குப் பிறகு காட்டா வளைவுகள்: 21 கொண்டை ஊசிகள், ஒன்றின் தலைமேல் ஒன்றாக. அங்கே சாலையோரத்தில் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கும் ஒரு சிறு சமாதி இருக்கிறது. லாரி பழுதாகி நின்றபோது காவலுக்கு விடப்பட்ட கிளீனர் ஒருவர் பனியில் சிக்கிப் பசியிலும் தாகத்திலும் இறந்துபோனார், அவருடைய ஆவிதான் வண்டிகளை நிறுத்தித் தண்ணீர் கேட்கிறது என்பது ஓட்டுநர்கள் சொல்லும் கதை. நம் ஊர்ச் சாலையோர முனியாண்டி சாமிக்குச் சுருட்டு வைப்பதுபோல இவருக்குத் தண்ணீர் பாட்டிலும் சிகரெட்டும். நாங்களும் ஒரு பாட்டில் வைத்தோம். முந்தின நாள் அனுபவத்துக்குப் பிறகு, அந்த உயரத்தில் தனியாக விடப்பட்ட ஒருவரைப் பற்றிய கதையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பாங்கில் கூடாரக் கடைகள். சுடச்சுட மேகி. நம் மேகி கோரேங்கோடு ஒப்பிட முடியாது. ஆனால் 4,600 மீட்டரில் ஆவி பறக்கும் எதுவும் அமிர்தம்தான். அதற்கு அப்பால் மோரே சமவெளி. மலைகளுக்கு நடுவே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தட்டையான வெளி. தார்ச்சாலை நேர்கோடாகப் போகிறது. வண்டிகளை அடக்கி ஓட்டிய கைக்கு அது பெரிய விடுதலை. பின்பு 5,328 மீட்டர் தங்லாங் லா, அங்கிருந்து சிந்து நதிக்கரைக்கு இறக்கம்.

இந்தச் சாலைகளைக் கட்டிக் காப்பது இந்தியாவின் எல்லைச் சாலைகள் அமைப்பு. 1960-இல் தொடங்கியது. லடாக்கில் அதன் பணி ‘ஹிமாங்க்’ என்ற பெயரில் 1985 முதல் நடக்கிறது. வேகம் வேண்டாம் என்று காதலியிடம் பேசுவது போலவும் நகைச்சுவையாகவும் அவர்கள் வைக்கும் மஞ்சள் பலகைகளை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். பலகைக்குப் பக்கத்தில் தார் காய்ச்சுகிறவர்களை அதிகம் யாரும் எடுப்பதில்லை. ஜார்க்கண்ட், பீகார் போன்ற தாழ்நிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்கள். நம்மைப் போலவே வெப்ப ஊர்க்காரர்கள். நாம் மாத்திரை போட்டுக்கொண்டு கால் மணி நேரம் நிற்கும் உயரத்தில் அவர்கள் மாதக் கணக்கில் கல் உடைக்கிறார்கள். புகை படிந்த முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, வண்டி போக வழிவிட்டு நிற்பார்கள். எங்கள் குழுவின் மூத்தவர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்திப் பிஸ்கட் பொட்டலங்களைக் கொடுத்தார். “எங்க தாத்தா ரோடு போட்ட ஆளு” என்று ஒரு முறை சொன்னார்.

லேவுக்கு அப்பால்

லேயில் இரண்டு நாள் ஓய்வு. அங்கே ஒரு நடைமுறையை அறிந்துகொள்வது நல்லது. வெளி மாநில வாடகை வண்டிகளில் நுப்ரா, பாங்கோங் போன்ற இடங்களைச் சுற்றுவதை உள்ளூர் வாடகை வண்டிச் சங்கங்கள் விடுவதில்லை. நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்குப் பிழைப்பு வருடத்தில் சில மாதங்கள்தான் என்பதால் எனக்கு அதில் கோபமில்லை. எங்கள் வண்டிகளை லேயிலேயே நிறுத்திவிட்டு, லடாக்கி ஓட்டுநர்களோடு உள்ளூர் வண்டிகளில் போனோம். வெளிநாட்டவர் இப்பகுதிகளுக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி எடுக்க வேண்டும். பதிவு பெற்ற பயண முகவர் மூலமாகத்தான் கிடைக்கும். பிற மாநிலத்து முன்கட்டணக் கைத்தொலைபேசி அட்டைகள் லடாக்கில் வேலை செய்யாது. வீட்டாரிடம் முன்பே சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் பதற மாட்டார்கள்.

கர்துங் லா கணவாயில் நெடுங்காலமாக இருந்த பலகை 18,380 அடி என்றது. உலகிலேயே உயரமான வாகனச் சாலை என்று பெருமை வேறு. அளந்து பார்த்தவர்கள் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடிதான் என்றார்கள். உம்லிங் லா சாலை 19,024 அடி என்று 2021-இல் கின்னஸ் சான்றிதழே வாங்கியபின் கர்துங் லாவின் பட்டம் போய்விட்டது. அதனால் கூட்டம் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம் என்று ஓட்டுநர் விரட்டினார். உச்சியைத் தொட்டதும் அவர் கண்ணாடியை இறக்கி, “கி கி ஸோ ஸோ லார்கியாலோ!” என்று கத்தினார். தேவர்களுக்கு வெற்றி என்று பொருளாம். எங்கள் வண்டியிலிருந்து பதிலுக்கு “வெற்றிவேல், வீரவேல்!” போனது. அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த கணவாயில் அவரே ஆரம்பித்தார்.

எனக்கு உண்மையான கரடுமுரடுப் பயணம் என்று தோன்றியது நுப்ராவிலிருந்து ஷியோக் நதியை ஒட்டிப் பாங்கோங் போகும் வழிதான். மணாலி சாலையில் பெரும்பகுதி இப்போது தார் போட்டாகிவிட்டது. ஷியோக் வழியில் நதியே சில இடங்களில் சாலையைத் தின்றுவிடுகிறது. ஆற்றுப் படுகையிலேயே கல்லைத் தேடித் தேடி ஓட்ட வேண்டும். எங்கள் ஓட்டுநர் அடிக்கடி இறங்கி, தண்ணீரில் கல் எறிந்து சத்தம் கேட்டு ஆழம் பார்த்தார். ‘குளுக்’ என்றால் ஆழம், ‘டக்’ என்றால் போகலாம். பாங்கோங் ஏரியைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. ‘3 இடியட்ஸ்’ படத்தின் கடைசிக் காட்சியில் எல்லாரும் பார்த்ததுதான். அந்தப் படத்தின் மஞ்சள் ஸ்கூட்டர் மாதிரிகள் இன்றும் கரையில் வாடகைக்கு நிற்கின்றன.

குடும்பத்தோடு போக நினைப்பவர்களுக்கு

சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் மணாலி வழியை விட்டுவிட்டு ஸ்ரீநகர் வழியாக லே போவதே நல்லது. அந்தச் சாலையில் மிக உயரமான இடம் 4,108 மீட்டர் ஃபோத்து லா. இரவு கார்கிலில், 2,700 மீட்டர் அளவில் தங்கலாம். உடம்பு படிப்படியாகப் பழகும். ஸோஜி லா பக்கம் பாதை குறுகல்தான், ஆனால் உயரம் 3,528 மீட்டரோடு முடிந்துவிடும். விமானத்தில் நேராக லே இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வெடுக்க வேண்டும். கடைத்தெருவைக்கூட மூன்றாம் நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மலை நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைட் மாத்திரையை இங்கேயே மருத்துவரைப் பார்த்து எழுதி வாங்குங்கள்; சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சொல்லாமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். பயணக் காப்புறுதியின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பல திட்டங்கள் காப்பு தருவதில்லை. தானே வண்டி ஓட்டுவதைச் சில திட்டங்கள் ஏற்பதில்லை. மணாலி சாலை பொதுவாக மே கடைசி அல்லது ஜூனில் திறந்து, அக்டோபர், நவம்பர் வாக்கில் பனியால் மூடப்படும். ஜூலை, ஆகஸ்டில் மணாலிப் பக்கம் மழையும் மண்சரிவும். எனக்குக் கேட்டால் செப்டம்பர்.

எங்கள் குழு சென்ற மாதம் கிள்ளானில் ஒரு வாழையிலை உணவகத்தில் கூடியது. அடுத்தது ஸ்பித்தி பள்ளத்தாக்கு, குன்சும் கணவாய். தலைவர் காகிதத்தில் அட்டவணையை எழுதி வந்திருந்தார். பழைய கணக்குப்படி எட்டு நாளில் முடிவது பதினொரு நாளாக நீண்டிருந்தது. அவ்வளவு விடுப்பு கிடைக்காது என்று இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். நாள்களைக் குறைத்தால் வருகிறோம் என்றார்கள். தலைவர் ரசத்தைக் குடித்துவிட்டு, “அப்ப நாலு வண்டிதான்” என்று ஐந்தை அடித்துத் திருத்தினார். மருமகன் தன் பெயரை எழுதச் சொன்னார். மாமா, “நான் வரல, நீ போ” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காகிதத்தை இழுத்து ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் உயரத்தைக் கேட்டுக் கேட்டு எழுதத் தொடங்கினார்.